முன்பக்கம் 'டொக் டொக்': பழைய காரின் ஷாக் பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் டயர் தேய்மானம் பற்றிய ஒரு பதிலில், "முன் ஷாக் போனால் டயரையும் சேர்த்துத் தின்றுவிடும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பிறகு வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு, இந்த முறை இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஷாக் என்றும் ஸ்ட்ரட் என்றும் இரண்டு பெயரிலும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் இருப்பது ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண். பட்டறையில் எல்லோரும் ஷாக் என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

என் காருக்கு வயது 14, ஓடியது 1,30,000 கி.மீ. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்கிறது. பிரேக் அடித்தால் காரின் மூக்கு கீழே குத்துகிறது. ஒரு மெக்கானிக் ஷாக் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் லோயர் ஆர்ம் புஷ் என்கிறார். நானே எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடம்போடு இணைக்கும் கை, புஷ் அதன் மூட்டில் உள்ள ரப்பர். அந்த வயதுக் காரில் ஒன்று மட்டும் தேய்ந்திருப்பது அபூர்வம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பாருங்கள்.

மூக்கு குத்துவது ஷாக்கின் வேலை குறைந்ததால். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஆடத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. அதை அடக்குவது ஷாக். உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சின்னஞ்சிறு துளைகள் வழியாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஆட்டம் சூடாக மாறிக் கரைந்துபோகிறது. எண்ணெய் கசிந்தாலும், உள்ளே வால்வு தேய்ந்தாலும், அடக்க ஆளில்லாமல் ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

சோதிக்க எளிய வழி உண்டு. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு முன்சக்கரத்துக்கு நேர் மேலே பானெட் ஓரத்தை உடம்பின் எடையைப் போட்டு இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டிவிட்டு, கீழே இருக்கும்போது கையை எடுங்கள். மேலே வந்து ஒருமுறை படிந்து நின்றால் பரவாயில்லை. இன்னும் இரண்டு முறை ஏறி இறங்கினால் ஷாக் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழுதாகச் செத்த ஷாக்தான் கைக்குத் தெரியும், பாதி தளர்ந்தது தெரியாது.

அடுத்து கண்ணால் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, டார்ச் அடித்து ரப்பர் உறைக்குக் கீழே உள்ள குழாயைப் பாருங்கள். லேசாக ஈரம் பட்டு அதன்மேல் தூசி படிந்திருந்தால் அது வியர்வை மாதிரி, கவலைப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்த கோடு கீழ்வரை இறங்கி, கறுப்புச் சேறாகக் கெட்டித்து, விரலை வைத்தால் பளபளவென்று ஒட்டினால் சீல் போய்விட்டது. டயரையும் பாருங்கள். கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்ளங்கையை டயர் சுற்றளவில் மெல்ல ஓட்டுங்கள். சாணுக்குச் சாண் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால், அந்தச் சக்கரம் சாலையில் உருளாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது.

இனி 'டொக்' சத்தம். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் குழிகளில் டொக் டொக் என்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது லிங்க் ராடைத்தான். ஷாக்கையும், வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் இணைக்கும் ஒல்லிக் கம்பி அது, இரண்டு முனையிலும் பந்து மூட்டு இருக்கும். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே அதைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் அதுதான். பிரேக் அடிக்கும்போது 'தொம்' என்று ஒரே ஒரு அடி விழுந்து வண்டி ஒரு பக்கம் இழுத்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று கம்பி அறுந்த மாதிரி கேட்டால் ஷாக்கின் தலையில் உள்ள மவுண்ட் பேரிங். இதையெல்லாம் பார்க்காமல் ஷாக்கை மாற்றிவிட்டு, "சத்தம் அப்படியே இருக்கிறதே" என்று வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்க ஷாக்கில்தான் லீக். அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால், பிரேக் அடிக்கும்போது ஒரு தோள் இறங்கும், ஒரு தோள் விறைத்து நிற்கும். மழையில் வேகமாக வளைவு எடுக்கும்போது அந்த வித்தியாசம் ஆபத்து. முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பின்பக்கம் நன்றாக இருந்தால் அதை இப்போது தொட வேண்டாம். மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடி வாங்கும் ரப்பர்), தூசி உறை ஆகியவற்றையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். இந்த ரப்பர்களுக்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவது வீண் உழைப்பு.

வாங்கி வந்த பெட்டியில் 'மெக்பெர்சன்' என்று இருக்கிறது. அது கம்பெனி பெயரா?

இல்லை, ஆள் பெயர். எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்ன செவர்லே காருக்காக இந்த அமைப்பை உருவாக்கினார். அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை. அவர் போர்டுக்குப் போனார். 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான போர்டு கன்சல், செஃபிர் கார்களில் இந்த ஸ்ட்ரட் வந்தது. சக்கரத்துக்கு மேலே தனியாக ஒரு ஆர்ம் தேவையில்லை, இடம் மிச்சம். அதனால்தான் எஞ்சினைக் குறுக்கே வைக்கும் சின்னக் கார்களுக்கு இது அவ்வளவு பொருந்திப்போனது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இந்தத் தூண் முழுவதும் சேர்ந்து திரும்பும். தலையில் பேரிங் இருப்பது அதற்காகத்தான். கீழே ஸ்பிரிங் பற்றிச் சொல்லும்போது இது உங்களுக்கு உதவும்.

வீட்டில் சிமென்ட் தளம் இருக்கிறது. ஸ்பேனர் செட், ஜாக்கி இருக்கின்றன. பிரேக் பேட் நானே மாற்றியிருக்கிறேன். ஷாக்கையும் நானே மாற்ற ஆசை. செய்யலாமா? எந்த வரிசையில்?

தாராளமாகச் செய்யலாம். பேட் மாற்றிய கை இதையும் செய்யும். முதல் பக்கத்துக்கு அரை நாள் ஆகும், இரண்டாவது பக்கம் அதில் பாதிகூட ஆகாது. இன்னும் இரண்டு பொருள் வேண்டும்: நல்ல ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று. இவை இல்லாமல் தொடங்காதீர்கள்.

முந்தைய நாள் மாலையே பாதி வேலையை முடித்துவிடலாம். வெளியே தெரியும் மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். காலையில் இன்னொரு முறை அடியுங்கள். பழைய காரில் இந்த ஒரு ராத்திரி உங்களுக்கு மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கி, உங்கள் கார் கையேடு காட்டும் இடத்தில் ஸ்டாண்டை வைத்து இறக்குங்கள். பிறகு காரைத் தோளால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் பக்கத்தில் உட்காரும் முன்னாலேயே விழட்டும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரின் அடியிலும் நான் கை நீட்டியதில்லை, நீங்களும் நீட்டாதீர்கள்.

இப்போது செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஷாக்கோடு பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏபிஎஸ் வயரையும் முதலில் விடுவியுங்கள். அப்புறம் லிங்க் ராடு. அப்புறம் ஷாக்கின் கால், நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) சேரும் இடத்தில் உள்ள இரண்டு பெரிய போல்ட்டுகள். அவற்றைத் தொடும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஷாக்கும் நக்கிளும் சேரும் விளிம்பில் ஒரு கோடு கீறுங்கள், போல்ட் தலையைச் சுற்றி பெயின்ட்டால் ஒரு அடையாளம் வையுங்கள். சில கார்களில் சக்கரத்தின் சாய்வு அந்த போல்ட்டில்தான் அமைக்கப்பட்டிருக்கும். இன்னொன்று, பல போல்ட்டுகளின் கழுத்தில் பல் வெட்டியிருக்கும். தலையைத் திருப்பினால் அந்தப் பல் நக்கிளை அரைத்துவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். நட்டு வந்ததும் அதை நுனியில் நாலு மரை திரும்பப் பூட்டி, செம்பு அல்லது பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் மரை கெடாமல் போல்ட் வெளியே வரும்.

போல்ட்டுகள் வெளியே வந்த உடனே நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். அதைக் கையை விட்டுவிடக் கூடாது. பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டை இழுத்தால் உள் மூட்டு கழன்றுவிடும். லோயர் ஆர்முக்குக் கீழே சின்ன ஜாக்கி ஒன்று கொடுத்து, நக்கிளைக் கம்பியால் கட்டி வையுங்கள்.

கடைசியாக மேலே வாருங்கள். பானெட்டைத் திறந்தால் ஷாக்கின் தலையில் வட்டமாக இரண்டு மூன்று சின்ன நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு தெரியும். சுற்றி உள்ளவைதான் உங்களுடையவை. நடு நட்டைத் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கை உள்ளே பூட்டி வைத்திருப்பது அது ஒன்றுதான். ஒரு நட்டை மட்டும் நுனியில் விட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். பிறகு ஒரு ஆள் கீழே ஷாக்கைத் தாங்கிப் பிடிக்க, அந்தக் கடைசி நட்டை எடுங்கள். ஸ்பிரிங்கோடு சேர்ந்து நல்ல கனம் இருக்கும், ஃபெண்டர் பெயின்ட்டில் இடித்துவிடாமல் வளைத்து இறக்குங்கள்.

பூட்டுவது இதே வழி, தலைகீழாக. மேல் நட்டு, கீழ் போல்ட் எல்லாவற்றையும் கையால் மட்டும் பூட்டி, எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்சை எடுங்கள். எவ்வளவு டார்க் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு எண்ணைச் சொன்னால் அது இன்னொருவர் காருக்குத் தப்பாகும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ளதுதான் சரி. உள்ளே நைலான் வளையம் இருக்கும் நட்டுகள் ஒருமுறைக்குத்தான், புதிது போடுங்கள். ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட் ஏதாவது தளர்த்தியிருந்தால், அதன் கடைசி இறுக்கம் வண்டி தரையில் நின்ற பிறகுதான். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள். வண்டியை எடுக்கும் முன் பிரேக் பெடலை நாலு முறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

புது ஷாக் தனியாக வந்தது. பழைய ஸ்பிரிங்கை நானே மாற்ற ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரவல் கிடைக்கிறது. மாற்றலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் பழகிய பட்டறையில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர், மரை தேய்ந்த பழையது, இரண்டு கொக்கி. ஒரு கொக்கி ஸ்பிரிங் சுற்றில் வழுக்கிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது, வாயைத் திறப்பதற்குள் 'டமார்'. ஸ்பிரிங் அவன் மணிக்கட்டை அடித்துவிட்டுச் சுவரில் போய் மோதியது. சுவரில் காரை பெயர்ந்து கையகலத்துக்குப் பள்ளம். அவன் தலை ஒரு சாண் இந்தப் பக்கம் இருந்திருந்தால் நான் இதை எழுதவே துணிந்திருக்க மாட்டேன். மணிக்கட்டு எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கை முன்போல் திரும்பவில்லை.

சின்னக் காரின் முன் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் சுமார் 250 முதல் 350 கிலோ வரை தாங்கி நிற்கிறது. கம்ப்ரஸரில் அமுக்கும்போது அந்த வலு முழுவதும் உங்கள் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் இருக்கிறது. அதனால் என் பதில் இதுதான்: ஷாக்கை வீட்டில் கழற்றுங்கள். ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும், சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கொண்டுவந்து நீங்களே பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்த்துப் பூட்டியே வரும் முழு செட்டை வாங்குங்கள். உங்கள் ஸ்பிரிங்கும் பல வருடம் சுமந்து அமுங்கிப்போயிருந்தால் அதுவே நல்லது.

பட்டறையில் மாற்றும்போது பக்கத்தில் நின்று சிலவற்றைக் கவனியுங்கள். கொக்கிகள் நேர் எதிரெதிராக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கையால் சுழற்றினால் அது உட்காரும் தட்டில் தளர்வாகச் சுழல வேண்டும். அதன் பிறகே நடு நட்டில் ஸ்பேனர் போக வேண்டும். தண்டைப் பிடிக்க நுனியில் ஆலன் கீ போட வேண்டும், பளபளக்கும் பகுதியைக் கட்டிங் பிளையரால் பிடிக்கவே கூடாது. அதில் விழும் ஒரு கீறல் போகும்போதும் வரும்போதும் சீலை அறுக்கும், புது ஷாக் சில வாரங்களில் கசியும்.

புது ஷாக்கைப் பூட்டும் முன் நேராக நிறுத்தி, தண்டை முழுதாக நாலைந்து முறை அமுக்கி இழுங்கள். படுத்த நிலையில் கிடந்தபோது உள்ளே மாறிய காற்று தன் இடத்துக்குப் போகும். முதல் இரண்டு இழுப்பில் இடையில் ஒரு வெற்றிடம் தட்டுப்படும், அப்புறம் தேனில் கரண்டி போட்டுக் கிளறுவது போல ஒரே சீரான கனம் வரும். அதே கையோடு பழைய ஷாக்கையும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் அங்கேயே படுத்துக்கொள்ளும். இவ்வளவு நாள் எதில் ஓட்டினோம் என்று அப்போது தெரியும்.

லிங்க் ராடு நட்டைத் திருப்பினால் உள்ளே பந்தும் சேர்ந்து சுற்றுகிறது. ஒரு மணி நேரமாகப் போராடுகிறேன்.

மரை நுனியில் ஆலன் கீ போகும் குழி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் துரு அடைத்திருக்கும். ஊசியால் சுரண்டி, கீயைத் தட்டி இறக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். சிலவற்றில் குழிக்குப் பதில் பின்னால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டை இருக்கும். இரண்டும் தேய்ந்துவிட்டால் நட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது லிங்க் போடுங்கள். அந்த வயது லிங்க்கைக் காப்பாற்றி ஒரு லாபமும் இல்லை. நெருப்பு காட்டிச் சூடாக்க மட்டும் வேண்டாம். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், ரப்பர் உறை, வாயு நிரப்பிய ஷாக் எல்லாம் இருக்கின்றன.

இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் 'டங்' என்கிறது. வண்டியும் முன்பைவிட விறைப்பாக இருக்கிறது. எங்கே தப்பு?

விறைப்பு தப்பில்லை. ஷாக் இல்லாத காருக்குப் பழகிவிட்டீர்கள், ஒரு வாரத்தில் சரியாகத் தோன்றும்.

ஸ்டீயரிங் கோணல் எதிர்பார்த்ததுதான். கோடு கீறி அடையாளம் வைத்திருந்தாலும், ஷாக்கைக் கழற்றிய காருக்கு வீல் அலைன்மென்ட் கட்டாயம். இன்றைக்கே போங்கள். தள்ளிப்போட்டால் டயரின் உள் ஓரம் உங்களுக்குத் தெரியாமலே தேய்ந்துகொண்டிருக்கும்.

'டங்' சத்தத்தை விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங்கின் கீழ்முனை, அது உட்காரும் தட்டில் உள்ள படியில் முட்டி நிற்காமல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், அல்லது மவுண்ட் பேரிங் தலைகீழாகப் போயிருக்கலாம். தூண் திரும்பும்போது ஸ்பிரிங் சேர்ந்து திரும்பாமல் முறுக்கிக்கொண்டு, தாங்காமல் ஒரே துள்ளாகத் துள்ளுகிறது, அதுதான் அந்தச் சத்தம். வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துக் கீழ்முனையைப் பாருங்கள். அந்தப் படிக்கும் ஸ்பிரிங்கின் முனைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால் அந்தப் பக்க ஷாக்கைத் திரும்ப இறக்கி, பட்டறையில் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். முதலில் அலைன்மென்ட் செய்தால் அதை இரண்டாம் முறையும் செய்ய வேண்டிவரும்.